பின்னல் ஊசியும் பெருக்கல் கணக்கும்

ஸ்வெட்டர் பின்னி முடித்தாயிற்று. மூன்று மாத உழைப்பு! ஆசையோடு கணவருக்குப் போட்டுப் பார்க்கிறாள் மனைவி.

ஐயோ பாவம்! ஸ்வெட்டர் தொளதொள என்று தொங்குகிறது. இன்னும் ஓர் ஆள் உள்ளே நுழையலாம் போல் இருக்கிறது.

"புத்தகத்தில் சொன்னபடிதானே பின்னினேன்! ஒரு கண்ணி கூடக் குறையவில்லையே!" என்று அவள் கண் கலங்குகிறாள்.

"உனக்கு எதற்கு இந்த வேலை? கடையில் வாங்கினால் போகிறது" என்கிறார் கணவர்.

அவ்வளவுதான். ஊசியும் நூலும் பெட்டிக்குள் போய்விடுகின்றன. மறுபடி வெளியே வருவதே இல்லை.

குளிர் நாடுகளில் இப்படி எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது. பழி எப்போதும் பின்னியவள் மேல்தான் விழும். "கவனம் போதாது" என்பார்கள். இது அநியாயம்! அவள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தை அப்படியே நம்பினாள். "சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே" என்றுதான் அவளுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள். கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண்மணி வந்தார். அவர் பெயர் எலிசபெத் சிம்மர்மன்.

யார் இவர்?

எலிசபெத் அம்மையார் 1910-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பின்னல் கற்றுக்கொண்டார். நூலை வலது கையில் பிடித்துப் பின்னுவது இங்கிலாந்து வழக்கம். இடது கையில் பிடிப்பது ஜெர்மன் வழக்கம். எலிசபெத்துக்கு இரண்டும் தெரியும். இது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. இரண்டு நிறத்தில் பூ வேலை செய்யும்போது ஒரு நிறத்தை வலது கையிலும் இன்னொரு நிறத்தை இடது கையிலும் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? நூல் சிக்காது. வேலையும் வேகமாக நடக்கும்.

பெரியவளானதும் ஐரோப்பாவில் ஓவியம் படித்தார். ஜெர்மனியில் ஆர்னால்டு சிம்மர்மன் என்ற வாலிபரைச் சந்தித்தார். அவர் பீர் வடிக்கும் தொழிலில் தேர்ந்தவர். அது ஹிட்லர் ஆட்சிக் காலம். ஹிட்லரைப் பற்றி ஆர்னால்டு ஏதோ ஏளனமாகச் சொல்லிவிட்டார். அது வேண்டாதவர் காதில் விழுந்துவிட்டது. ஊரை விட்டு ஓடவேண்டியது ஆயிற்று! இருவரும் கல்யாணம் செய்துகொண்டு 1937-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறினார்கள். மூன்று குழந்தைகள் பிறந்தன.

விஸ்கான்சினில் குளிர் அதிகம். பனி கொட்டும். ஆகவே ஸ்வெட்டர் பின்னுவதற்குக் காரணம் தேடவேண்டியது இல்லை. குழந்தைகளுக்குப் பின்னினார், கணவருக்குப் பின்னினார். கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்துகொண்டு அம்மையார் பின்னிக்கொண்டே போவார்!

அதுவரை அவர் ஆயிரத்தில் ஒரு குடும்பத் தலைவிதான். பின்னல் பொழுதுபோக்கு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ரகசிய எழுத்து

அந்தக் காலத்துப் பின்னல் புத்தகங்கள் எப்படி இருந்தன தெரியுமா? "கே2, பி2, கே2 டாக்" என்று பக்கம் பக்கமாகப் போகும். உளவாளிகள் அனுப்பும் ரகசியத் தந்தியைப்போல் இருக்கும். எழுத்து ஒன்று தவறினால் ஸ்வெட்டர் தவறிவிடும். எதற்காக இங்கே இரண்டு கண்ணியைக் குறைக்கிறோம் என்று புத்தகம் சொல்லாது. பின்னுகிறவளுக்கும் தெரியாது.

கண்ணி என்பது ஊசியில் ஏறும் ஒரு சிறு சுருக்கு. மீன் வலைக்குக் கண் இருப்பதுபோல் ஸ்வெட்டருக்கும் உண்டு. பல்லாயிரம் கண்ணிகள் சேர்ந்ததுதான் ஒரு ஸ்வெட்டர்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. முன்பக்கம் ஒரு துண்டு, முதுகுப் பக்கம் ஒரு துண்டு, கைகள் இரண்டு துண்டு என்று தனித்தனியாகப் பின்னச் சொல்வார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கவேண்டும். பின்னுவதில் இருக்கும் சந்தோஷம் தைப்பதில் ஏது? பின்னி முடித்துத் தைக்காமலே கிடக்கும் ஸ்வெட்டர்கள் ஏராளம்!

எலிசபெத் அம்மையார் வேறு விதமாகப் பின்னினார். இரண்டு முனைகளை ஒரு வளையும் கம்பியால் இணைத்த ஊசி ஒன்று உண்டு. அதில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் துணி குழாய்போல் வளரும். உடம்பு ஒரு பெரிய குழாய். கைகள் இரண்டும் சின்னக் குழாய்கள். மூன்றையும் அக்குளில் சேர்த்து, தோள் வழியாகக் கழுத்து வரையில் குறைத்துக்கொண்டே போனால் ஸ்வெட்டர் முடிந்தது. தையலே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

வட்டமாகப் பின்னும்போது முன்பக்கம் எப்போதும் கண் எதிரே இருக்கும். பூ வேலை சரியாக வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும். துண்டுத் துண்டாகப் பின்னினால் ஒரு வரி முன்பக்கம் பார்த்தும், அடுத்த வரி பின்பக்கம் பார்த்தும் பின்னவேண்டும். பின்பக்கத்திலிருந்து பூப் போடுவது கண்ணைக் கட்டிவிட்டுக் கோலம் போடச் சொல்வதைப்போல!

வட்டப் பின்னல் புதிது அல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளிலும் நார்வே நாட்டிலும் பாட்டிமார் நெடுங்காலமாக இப்படித்தான் பின்னினார்கள். அச்சடித்த புத்தகத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கையும் கண்ணும் மனக்கணக்குமே அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

பத்திரிகை செய்த வேலை

1950-களில் அம்மையார் தம் ஸ்வெட்டர் ஒன்றின் பின்னல் முறையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணமும் கொடுத்தார்கள். ஆனால் அச்சில் வந்ததைப் பார்த்தால் வட்டப் பின்னலைக் காணோம்! "நம் வாசகிகளுக்கு இது புரியாது" என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாவற்றையும் துண்டுத் துண்டாக மாற்றி எழுதிவிட்டார்கள்.

எத்தனையோ பேர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். பணம் வந்துவிட்டது, பெயர் வந்துவிட்டது. இன்னும் என்ன?

அம்மையார் அப்படி இருக்கவில்லை. 1958-ல் சொந்தமாக ஒரு சிறு செய்தித்தாள் அச்சடித்தார். தம் ஸ்வெட்டரை எப்படிப் பின்னினாரோ அப்படியே அதில் எழுதினார். வேண்டியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். அடுத்த ஆண்டு, 1959-ல், ஒரு சின்னப் பதிப்பகமே தொடங்கிவிட்டார். அவர்கள் குடும்பம் வீடாக மாற்றிக்கொண்டது ஒரு பழைய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். பதிப்பகத்துக்கும் பள்ளிக்கூடம் என்றே பெயர் வந்துவிட்டது: 'ஸ்கூல்ஹவுஸ் பிரஸ்'. நல்ல கம்பளி நூலும் வட்ட ஊசியும் கடைகளில் கிடைப்பது கஷ்டம். அவற்றையும் தபாலில் அனுப்பினார்.

வாசகிகளுக்குப் புரியாது என்று முடிவு கட்ட யாருக்கு உரிமை இருக்கிறது? சொல்லிப் பார்க்காமலே புரியாது என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்லிப் பார்த்தார் அம்மையார். புரிந்துகொண்டார்கள்! 1960-களில் அவர் தொலைக்காட்சியிலும் பின்னல் பாடம் நடத்தினார்.

இதோ கணக்கு!

அம்மையாரின் முறை மிகவும் எளிது. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடுத்த நூலில், எடுத்த ஊசியில், ஒரு சிறு துண்டு பின்னவேண்டும். அதை மேசைமேல் விரித்து, அளவு நாடா வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணவேண்டும். 5 கண்ணி என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்வெட்டரின் சுற்றளவு எவ்வளவு வேண்டும்? 40 அங்குலம். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200. ஆக, உடம்புக்கு 200 கண்ணி. இதுதான் தாய்க்கணக்கு. மற்றது எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது!

மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 40 கண்ணி. கையின் மேல்பாகத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 66 கண்ணி. கழுத்துக்கு நூற்றுக்கு 40 வீதம். 80 கண்ணி. அக்குளில் ஒதுக்கிவைக்க நூற்றுக்கு 8 வீதம். 16 கண்ணி.

முடிந்தது! இனி ஒல்லியானவருக்கும் பின்னலாம், பருமனானவருக்கும் பின்னலாம். தடித்த நூல் என்றாலும் சரி, மெல்லிய நூல் என்றாலும் சரி. தாய்க்கணக்கு மாறும். பங்கு மாறாது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் உடம்பைவிடத் தலை பெரிது. அவர்களுக்குக் கழுத்தைக் கொஞ்சம் தாராளமாக விடவேண்டும்.

முதலில் கண் கலங்கினாளே, அந்த மனைவியின் ஸ்வெட்டர் ஏன் தொளதொள என்று போயிற்று? இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். புத்தகம் எழுதியவர் கை இறுக்கம். அவருக்கு அங்குலத்துக்கு 5 கண்ணி வந்தது. இவள் கை சற்றுத் தளர்வு. இவளுக்கு நாலரைக் கண்ணி. வித்தியாசம் அரைக் கண்ணிதானே என்று நினைக்கக்கூடாது. 200 கண்ணியை நாலரையால் வகுத்துப் பாருங்கள். 44 அங்குலத்துக்கு மேல் வருகிறது! நாலு அங்குலத்துக்கு மேல் அதிகம். அவள் கவனமாகத்தான் பின்னினாள். ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. அதனால்தான் ஸ்வெட்டர் கெட்டது!

கை இறுக்கமும் தளர்வும் பிழை அல்ல. அது அவரவர் கையெழுத்தைப்போல. கையெழுத்தை மாற்று என்று சொல்வதைவிட, அந்தக் கையெழுத்துக்கு ஏற்ற கணக்கைப் போடு என்பதே நியாயம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. "புதிதாகப் பின்னக் கற்பவளிடம் போய்ப் பெருக்கல், வகுத்தல் என்றால் பயந்து ஓடிவிடமாட்டாளா? முதலில் புத்தகத்தைப் பார்த்துப் பின்னட்டும். கணக்கு பிறகு வரட்டும்" என்பார்கள்.

முதல் தொப்பிக்கும் முதல் கழுத்துப் பட்டிக்கும் இது சரிதான். விரல் பழகவேண்டும். ஆனால் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை! இருபது வருஷம் பின்னியவள்கூடப் புத்தகம் இல்லாமல் ஊசியைத் தொடப் பயப்படுகிறாள். சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்று தினம் புத்தகத்தைப் பார்த்தா போடுகிறோம்? கணக்குக்குப் பயப்படுகிறவள் என்று சொல்லப்படும் அதே பெண்தான் மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வீட்டை நடத்துகிறாள். அதைவிடக் கடினமான கணக்கு ஏது?

அம்மையார் 1971-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரின் பொருள் 'கண்ணீர் இல்லாத பின்னல்'. புத்தகத்தை நம்பிப் பின்னி அழுதவர்களுக்காகவே வைத்த பெயரைப்போல் இருக்கிறது.

வட்டச் சால்வை

1974-ல் இன்னொரு புத்தகம் வந்தது. அதில் ஒரு வட்டமான சால்வை உண்டு. அதன் கணக்கு இன்னும் வேடிக்கை.

வட்டத்தின் நடுவிலிருந்து ஓரம் வரையில் உள்ள தூரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும். இது பள்ளிக்கூடப் பாடம். அம்மையார் இதை ஊசியில் ஏற்றிவிட்டார். 9 கண்ணியில் தொடங்கு. 18 ஆக்கு. மூன்று சுற்றுப் பின்னு. 36 ஆக்கு. ஆறு சுற்று. 72 ஆக்கு. பன்னிரண்டு சுற்று. 144 ஆக்கு. 24 சுற்று. 288 ஆக்கு. 48 சுற்று. 576! அவ்வளவுதான் சால்வை. இடையில் உள்ள சுற்றுகளில் எந்தப் பூவை வேண்டுமானாலும் போடலாம். எண்ணிக் குறித்துக்கொண்டு தவிக்கவேண்டியது இல்லை. பேசிக்கொண்டே பின்னலாம்.

வட்டக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் தூங்கிவிடும் குழந்தைகள் உண்டு. அந்தச் சால்வையை விரித்துக் காட்டினால் தூங்குமா?

கத்தரிக்கோல்!

வட்டமாகப் பின்னினால் குழாய்தானே வரும்? முன்பக்கம் திறந்து பொத்தான் போடும் ஸ்வெட்டர் வேண்டும் என்றால் என்ன செய்வது?

கத்தரிக்கவேண்டியதுதான்!

ஆம். பல வாரம் பின்னிய ஸ்வெட்டரை நடுவே கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். நார்வே நாட்டிலும் ஷெட்லாந்திலும் இது பழைய வழக்கம். வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் தையல் மெஷினில் நெருக்கமாகத் தைத்துவிடுவார்கள். பிறகு நடுவில் வெட்டினால் கம்பளி பிரியாது. கம்பளி இழைக்கு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. வழவழப்பான பட்டு நூலிலோ பருத்தி நூலிலோ இப்படிச் செய்தால் ஆபத்து.

முதல் தடவை வெட்டும்போது யாருக்கும் கை நடுங்கும். வெட்டி முடித்ததும் ஓர் இருட்டு அறையில் கொஞ்ச நேரம் படுத்து இளைப்பாறுங்கள் என்று அம்மையார் வேடிக்கையாக எழுதினார். எத்தனை பேர் படுத்தார்களோ!

யார் கண்டுபிடித்தது?

இத்தனை முறைகளைச் சொல்லிக்கொடுத்தவர், "இது என் கண்டுபிடிப்பு" என்று மார் தட்டிக்கொள்ளவில்லை. ஊசி இரண்டு, நூல் ஒன்று. எத்தனையோ நூற்றாண்டாக எத்தனையோ பேர் பின்னியிருக்கிறார்கள். தமக்குத் தோன்றியது வேறு எவளோ ஒரு பாட்டிக்கு முன்பே தோன்றியிருக்கும் என்பது அவர் எண்ணம். இதற்காக ஆங்கிலத்தில் ஒரு புது வார்த்தையையே உண்டாக்கினார். 'இன்வென்ட்' என்றால் கண்டுபிடிப்பது. அவர் 'அன்வென்ட்' என்றார். இருந்ததைத் தோண்டி எடுத்தேன் என்று பொருள் கொள்ளலாம்.

இதைக் கேட்டு அவர் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார் என்று நினைக்கவேண்டாம். புத்தகத்துக்கு விலை வைத்தார். நூலுக்கு விலை வைத்தார். எழுதிய உழைப்புக்குக் கூலி வாங்கினார். அதுவே நியாயம். பெண்கள் செய்யும் கைவேலை என்றால் சும்மா கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கெட்ட வழக்கம். "பொழுது போகாமல்தானே பின்னுகிறாய், எனக்கும் ஒன்று பின்னிக் கொடேன்" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நூல் விலையைக்கூடக் கொடுப்பது இல்லை!

கூலி வாங்கினார். ஆனால் வித்தையைப் பூட்டிவைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இந்தப் பின்னல் என்னுடையது, நீ எப்படிப் பின்னலாம்?" என்று பின்னல்காரர்களுக்குள் சண்டை வருவது உண்டு. ஒருவர் எழுதிய பக்கத்தைத் திருடி அச்சடித்தால் அது திருட்டுதான். சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கண்ணியை இடது பக்கம் சாய்த்துப் போடுவதற்கு யார் சொந்தக்காரர்?

1974-ல் தொடங்கி அம்மையார் ஆண்டுதோறும் பின்னல் முகாம் நடத்தினார். பல ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் பின்னியதைக் கொண்டுவந்து காட்டுவாள். சொல்லிக்கொடுத்தபடியே பின்னியதைவிட மாற்றிப் பின்னியதுதான் அங்கே பெருமை. "இந்த இடத்தில் எனக்குச் சரியாக வரவில்லை, இப்படிச் செய்துபார்த்தேன்" என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

1999-ல் தம் 89-வது வயதில் அம்மையார் காலமானார். மகள் மெக் ஸ்வான்சன் தாயின் பதிப்பகத்தையும் முகாமையும் ஏற்று நடத்தினார்.

குழந்தைச் சட்டை

எலிசபெத் அம்மையார் விட்டுப்போனவற்றில் உலகம் முழுவதும் அதிகமாகப் பின்னப்பட்டவற்றில் ஒன்று, ஒரு சின்னக் குழந்தைச் சட்டை. 1968-ல் அமைத்தது. 'குழந்தையின் ஆச்சரியச் சட்டை' என்று பெயர்.

பின்னும்போது அது சட்டையாகவே தெரியாது. கசங்கிய மேசைத் துணி மாதிரி இருக்கும். "என்ன இது? கால் மிதியா?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். முன் எது, முதுகு எது, கை எது? ஒன்றும் விளங்காது. கடைசிக் கண்ணி வரையில் நம்பிக்கையோடு பின்னவேண்டியதுதான்.

முடிந்ததும் அந்தத் துணியை எடுத்து, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அட! கை இரண்டு, கழுத்து ஒன்று, முன்பக்கம் திறந்த அழகான சட்டை! தோளில் மட்டும் இரண்டு சின்னத் தையல்.

அந்த நாட்டு வழக்கப்படி ஆண் குழந்தை சட்டைக்கு ஒரு பக்கம் பொத்தான், பெண் குழந்தை சட்டைக்கு மறுபக்கம் பொத்தான். ஆனால் பாட்டிமார் குழந்தை பிறப்பதற்கு முன்பே பின்னத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன குழந்தை என்று எப்படித் தெரியும்? அம்மையார் இதற்கும் வழி சொன்னார். இரண்டு ஓரத்திலும் பொத்தான் துளை விட்டுப் பின்னிவைத்துவிடுங்கள். குழந்தை பிறந்த செய்தி வந்ததும், வேண்டாத பக்கத்துத் துளைகளின் மேல் பொத்தான்களை வைத்துத் தைத்துவிடலாம்.